வெள்ளிக்கிழமைகளில் கத்திய பெட்டி

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது இருப்பவர் அனுப்பியிருந்தார். வெள்ளைத் துணியின் மேல் ஒரு கேஸ் ரெகுலேட்டர். பெண் பார்க்க அனுப்பும் புகைப்படம் போல நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தார். கீழே ஒரு வரி: “சார், கேரவனுக்கு இது போதுமா?” எதற்குப் போதுமா என்று கேட்டு எழுதினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது.

இப்போதெல்லாம் உதிரிபாகங்களைப் படம் பார்த்தே வாங்குகிறார்கள். குறை சொல்லவில்லை, எங்கள் காலத்தில் படம்கூட இல்லாமல், கடைக்காரர் “நம்பர் ஒன் பாய்” என்று சொன்னதை வைத்து வாங்கினோம். ஆனால் படத்தில் அழுத்தம் தெரியாது. ரப்பர் குழாய் எத்தனை கோடையைப் பார்த்தது என்பது தெரியாது. அந்த அடுப்பின் முன்னால் யார் நிற்கப்போகிறார் என்பது தெரியவே தெரியாது. இந்தக் கடைசி விஷயம் நான் படித்த கையேடு எதிலும் இல்லை. அதை எனக்குத் தெரியவைத்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பு மெக்கானிக்கல் டிப்ளமா. பிறகு தமிழ்நாட்டில் சிலிண்டர் நிரப்பும் ஆலையில் பதினோரு வருடம். பிறகு விசா. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி ஷார்ஜா தொழிற்பேட்டையில், கேரவன்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் கேஸ் பிரிவுக்குச் சேர்ந்தேன். பயிற்சி அவ்வளவுதான்.

கேரவன் என்றால் நம் ஊரில் நடிகர்கள் உட்காரும் வண்டி. அங்கே அது வேறு. குளிர்காலம் வந்தால் அமீரகக் குடும்பங்கள் பாலைவனத்திலும் கடற்கரையிலும் வாரக்கணக்கில் போய்த் தங்குவார்கள். அதற்காக வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீடு அது. அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர் எல்லாமே கேஸில் ஓடும். பெரும்பாலானவை அமெரிக்காவில் யாரோ ஓட்டிச் சலித்து விற்றவை. கப்பலில் வந்து இறங்கும். அமெரிக்கக் குழாயின் வாய் அமீரக சிலிண்டரின் வாயோடு சேராது. நடுவில் ஒரு பித்தளை இணைப்பைச் செருகுவார்கள். அந்த இணைப்பை எந்தத் தெருவில், யார் கடைந்தார் என்று கேட்பது அங்கே நாகரிகமில்லை.

எங்கள் மேலாளர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடம் கப்பல்களில் எஞ்சினியராக இருந்துவிட்டுக் கரையிறங்கியவர். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார். சோதனை முடியும்வரை அதைத் தொடமாட்டார். அவர் மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது. இடப்பக்கம் மட்டும் இரண்டு நாற்காலிகள். முதலாளியே வந்தாலும் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும். கொஞ்சம் திமிர் என்று நான் நினைத்திருந்தேன். குழாயையோ ரெகுலேட்டரையோ பார்க்கும்போது கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார், காய்ச்சல் பார்ப்பவர் போல.

புதிய பாகம் கேட்டுப் போனால் உடனே தரமாட்டார்.

“பழசு என்னத்தில செத்தது?” என்பார்.

“பழசாயிடுச்சு சார்.”

“ஐசே, அது வயசு. சாவுக்குக் காரணம் கேட்டனான்.”

செத்த காரணத்தைச் சொன்னால்தான் அலமாரி திறக்கும். ரெகுலேட்டரின் மூச்சுத் துளையில் மணல் அடைத்துச் செத்ததென்றால், புதியதை அதே இடத்தில் அதே திசையில் மாட்ட விடமாட்டார். துளை தரையைப் பார்க்க வேண்டும், மேலே மூடி வேண்டும். ரப்பர் குழாயை விரலைச் சுற்றி வளைத்துப் பார்ப்பார்; வளைவில் நகக்கீறல் போல வெடிப்பு தெரிந்தால் அங்கேயே கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுவார், யாரும் மறுபடி எடுத்து மாட்டிவிடாதபடி. அழுத்தச் சோதனைக்கு U வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர். எட்டு அங்குலத்தில் நிறுத்தி மூன்று நிமிடம் பார்க்க வேண்டும், தண்ணீர் அசையக்கூடாது. அந்த மூன்று நிமிடமும் பேச்சு கிடையாது. மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அவரே தயாரித்த படிவம் ஒன்று இருந்தது. பதினான்கு வரிகள். எனக்குப் படிவங்கள் பிடிக்கும். மனிதர்களைவிட அவை குறைவாகப் பொய் சொல்லும் என்று நம்பினேன். பதினான்காவது வரி: பயன்படுத்துபவரால் வாயுவின் வாடையை உணர முடிகிறதா?

சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாடை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகல் நாற்றமுள்ள ஒரு மருந்தை ஆலையில் கலக்கிறார்கள். ஆக, முதல் பாதுகாப்புக் கருவி மூக்கு. அதற்கு மட்டும் கடையில் மாற்று கிடைக்காது.

இந்தக் கேள்வியை நேராகக் கேட்கக்கூடாது என்பார் குணரத்தினம். ஹோமியோபதி மாத்திரை வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு எங்கள் பையில் இருக்கும். ஒன்றில் நாற்ற மருந்து தொட்ட பஞ்சு. இன்னொன்றில் வெறும் பஞ்சு. முதலில் வெறும் குப்பியைத்தான் நீட்ட வேண்டும்.

“பையோட வாற ஆள் கேட்டா இஞ்ச எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்,” என்பார். “பயத்துக்கு ஒரு ஓம், மரியாதைக்கு ஒரு ஓம். வெறுங்குப்பிக்கு ஓம் சொன்னா, மற்றக் குப்பியைக் கவனமாக் குடும். முகத்தைப் பாரும். வாயைப் பாக்காதேயும்.”

பல வருடம் அந்தக் குப்பிகளை நீட்டினேன். வெறும் குப்பிக்குப் பாதிப்பேர் ஆமாம் சொல்வார்கள். நிஜக் குப்பியில் எல்லோர் முகமும் சுளிக்கும். நானும் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு குளிர்காலத்தில் புஜைராவிலிருந்து அழைப்பு வந்தது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அமீரகப் பெரியவர், ஊருக்கு வெளியே கடற்கரையில் கேரவனை நிறுத்திக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். மூத்த மகன் பெயரை வைத்து அவரை அபு ராஷித் என்பார்கள், மனைவியை உம் ராஷித் என்பார்கள். அடுப்பு மெதுவாக எரிகிறது, சோறு வர மூன்று மணி ஆகிறது, புகார் அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலை மலைப்பாதை வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

கேரவன் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது பக்கூர் வாசனை. அந்த ஊர்ச் சாம்பிராணி. ஊத் எனப்படும் அகில் கட்டையில் செய்வது. அதற்குக் கீழே மீன். அதற்கும் கீழே, கூட்டத்தில் பின்னால் நிற்கும் மூன்றாவது ஆள் போல, கேஸ்.

உள்ளே ஒருவர் ஒரு கையில் லைட்டரோடு அடுப்பின் திருகைத் திருப்பப் போய்க்கொண்டிருந்தார்.

“லைட்டரைக் கீழ வைங்க,” என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் வைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. “தமிழா சார்? வாங்க வாங்க. ஒரு டீ போட்டுடறேன்.”

“டீ வேண்டாம். முதல்ல வெளிய வாங்க.”

“ஒரு நிமிசம் சார், பால் காய்ஞ்சிரும்.”

கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். சிலிண்டரை அடைத்து, கதவு சன்னலெல்லாம் திறந்து போட்டு, மணலில் உட்கார்ந்தோம். அவர் எனக்கு வெயில் ஆகவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெயர் கருப்பையா. சிவகங்கைப் பக்கம். நாற்பத்தேழு வயது. அந்த வீட்டில் ஆறு வருடமாகச் சமையல். வீட்டுக்காரரை ‘பாபா’ என்றும், வீட்டம்மாவை ‘மாமா’ என்றும் கூப்பிட்டார். அது வளைகுடா வழக்கம். தமிழ்க் காதுக்குப் பழகச் சில வருடம் ஆகும்.

அரை மணி கழித்து உள்ளே போய்ச் சோதித்தேன். ஃப்ரிட்ஜின் பின்னால் செப்புக் குழாய் சேரும் இடத்தில் கசிவு. அந்த வகை இணைப்பில் உலோகமும் உலோகமும் நேராக முத்தமிட வேண்டும். யாரோ ஒரு பிளம்பர், தண்ணீர்க் குழாய் என்று நினைத்து வெள்ளை டேப்பைச் சுற்றியிருந்தார். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேற வண்டியின் அடியில் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் பஞ்சுமெத்தைத் துண்டு அடைத்திருந்தது.

“மணல் வருது சார். எலியும் வருது,” என்றார் கருப்பையா.

“கேஸ் கசிஞ்சா கத்தற பெட்டி ஒண்ணு இருக்கணுமே?”

கரண்டி வைக்கும் இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிய டிடெக்டரை எடுத்துக் கொடுத்தார். வயர் வெட்டப்பட்டிருந்தது.

“வெள்ளிக்கிழமையானா கத்தும் சார். மாமா பக்கூர் கொண்டாருவாங்க, உடனே ஆரம்பிச்சுரும். விருந்தாளி முன்னாடி மானம் போகுதுன்னு பாபாதான் வெட்டுனாரு.”

புரிந்தது. அந்தப் பெட்டிக்கு நாற்றம் வாசனை என்ற பேதம் கிடையாது. கேஸுக்குக் கத்துவது போலவே ஊத் புகைக்கும் கத்தும். அமெரிக்காவில் யாரும் அதன் முன்னால் பக்கூர் காட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கடைசியாகக் குப்பிகளை எடுத்தேன். காலையிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். வெறும் குப்பியை நீட்டினேன்.

“கேஸ் வாடை வருதா கருப்பையா?”

முகர்ந்தார். “ஆமா சார். லேசா.”

நிஜக் குப்பியை நீட்டினேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அப்படிப்பட்ட நாற்றம். அவர் ஆழமாக இழுத்தார், ரோஜாப்பூவை முகர்வது போல. புருவம்கூட அசையவில்லை.

“ஆமா சார். அதேதான்.”

குப்பிகளை மூடினேன்.

“எத்தனை நாளா?” என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த கை. “ரெண்டு வருசம் ஆச்சு சார். கொர்ஃபக்கான் ரோட்டுல பிக்கப் பிரேக் போட்டதுல மண்டை இடிச்சுது. காயம் ஆறிருச்சு. இது மட்டும் திரும்பி வரல.”

“யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்கு.”

“எப்படிச் சமைக்கிறீங்க?”

“கடுகு காதுக்குச் சொல்லும் சார். வெங்காயம் கண்ணுக்குச் சொல்லும். மீனு செவுளு சொல்லும். அடிப்புடிச்சா கரண்டி ஒரு இழுவை இழுக்கும். எல்லாமே ஏதோ ஒண்ணு சொல்லிருது சார்.”

“கேஸ் சொல்லாது.”

“அத நான் யோசிக்கல சார்.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “எழுதிராதீங்க. சமையக்காரனுக்கு மூக்குப் போறதும் டிரைவருக்குக் கண்ணு போறதும் ஒண்ணுதானே. யாரு வச்சுக்குவா? பதினாறு வயசுல கரண்டி புடிச்சேன். வேற ஒண்ணும் தெரியாது சார் எனக்கு.”

நான் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. சிலிண்டர் வாயைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அபு ராஷிதிடம் மூன்று நாள் கேஸ் கிடையாது, வெளியே விறகில் சமைக்கட்டும் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அடுப்பை வேகமாக்கச் சொன்னால் அணைத்துவிட்டுப் போகிறாய்,” என்றார் இந்தியில். நியாயமான வருத்தம்.

திரும்பி வந்து பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கட்ட ரெகுலேட்டர், மூடியோடு. தேதி பொறித்த புதுக் குழாய்கள். செப்பு இணைப்பை வெட்டியெறிந்துவிட்டுப் புதிய வாய், டேப் கிடையாது. தரைத் துளைகளுக்கு மணலும் எலியும் புகாத, காற்று மட்டும் போகும் கம்பி வலை. தீ அணைந்தால் தானே அடைத்துக்கொள்ளும் திருகுகள் உள்ள அடுப்பு. சாதாரணமாக இங்கே நிறுத்துவோம். இந்த முறை நிறுத்த முடியவில்லை. முழங்கால் உயரத்துக்கும் கீழே மாட்டும் டிடெக்டர், அதோடு இணைத்த மின்வால்வு. பெட்டி கத்தினால் வால்வு கேஸை அடைத்துவிடும். மின்சாரம் போனாலும் அடைத்துவிடும் வகையைத் தேடி துபாய்க்குப் போனேன். பக்கூருக்குக் கத்தாத பெட்டி உண்டா என்று நான்கு கடைகளில் விசாரித்தேன். நான்கிலும் சிரித்தார்கள்.

படிவத்தை நிரப்பினேன். பதின்மூன்று வரிகள் நிரம்பின. பதினான்கில் பேனா நின்றது. ‘ஆம்’ என்று எழுதினால் பொய். ‘இல்லை’ என்று எழுதினால், அதன் நகல் அபு ராஷித் கைக்குப் போகும். ஒரு மாதத்தில் கருப்பையா விமானம் ஏறுவார். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். கையெழுத்துப் போட்டு, மற்ற தாள்களுக்கு நடுவே செருகி, குணரத்தினம் மேசையில் வைத்தேன். திருட்டுத்தனம் பழக்கமில்லாததால் மிக மோசமாகச் செய்தேன்.

மதியம் கூப்பிட்டார். இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“பதினாலை வெறுமையா விட்டிருக்கிறீர்.”

“மறந்துட்டேன் சார்.”

“நீர் மறக்கிற ஆளில்லை. மறைக்கிற ஆளும் இல்லை எண்டு நினைச்சனான்.”

நான் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தேன்.

“ஆருக்கு மணக்கேல்லை?”

“சமையல்காரருக்கு சார்.”

“வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?”

“அனுப்பிடுவாங்க.”

அவர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். அதுவரை செய்ததில்லை.

“எனக்கு வலக்காது கேளாது,” என்றார். “கப்பலில ஏறி மூண்டாம் வருஷம் போனது. பதினேழு வருஷம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எஞ்சினைக் கையால கேட்டனான்.”

நான் நாற்காலிகளைப் பார்த்தேன். இரண்டும் இடப்பக்கம். அத்தனை வருடம் திமிர் என்று நினைத்திருந்த என்னைப் பற்றி எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

“கையும் காதும் வேற. இது உயிர்,” என்றேன்.

“ஓம். அதாலதான் சொல்லுறன். வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது அந்த ஆள். நீரும் இல்லை, நானும் இல்லை. போய் அந்த ஆளிட்டச் சொல்லும். அதுவரைக்கும் அந்தக் கேரவனில மூக்குக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது. அந்தப் பெட்டி ஒரு நாள் நிண்டாலும் கேஸ் நிக்கவேணும். விளங்குதோ?”

பிறகு பேனாவை எடுத்து, பதினான்காவது கட்டத்தில், தெளிவான கையெழுத்தில், ‘பொருந்தாது’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிக் கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.

மூன்றாம் நாள் புஜைரா போய் எல்லாவற்றையும் மாட்டினேன். தண்ணீர் எட்டு அங்குலத்தில் நின்றது. மூன்று நிமிடம் கருப்பையாவும் என்னோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலாளர் சொன்னதைச் சொன்னேன். “சொல்றேன் சார், நேரம் பாத்துச் சொல்றேன்,” என்றார். வளைகுடாவில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். கடவுச்சீட்டு, விடுப்பு, சம்பள உயர்வு, எல்லாமே நேரம் பார்த்துத்தான் சொல்லப்படும், பெரும்பாலும் சொல்லப்படாது.

அந்த வெள்ளிக்கிழமை அபு ராஷித் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினார். விருந்தாளிகள் பன்னிரண்டு பேர். பாதி வெந்த சோற்றில் பெட்டி கத்தியிருக்கிறது, அடுப்பு அணைந்திருக்கிறது. திரும்பப் பற்றவைத்தால் திரும்பக் கத்தியிருக்கிறது. மெஷின் மாஃபி, கலாஸ், வந்து கழற்று என்றார். மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையே போனேன். விடுமுறை நாள், ஆனால் கத்துகிற நேரத்தில்தான் போக வேண்டும். குடும்பம் வெளியே பாயில் உட்கார்ந்திருந்தது. கருப்பையா கேரவன் படியில் நின்றார், கழற்றப்போவது தன்னையே என்பது போல.

நான் அபு ராஷிதிடம் டிடெக்டர் எதற்கு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கள் மூக்கு இருக்கிறதே,” என்றார். “நாற்றம் வந்தால் கருப்பையா சிலிண்டரை மூடுவான். ஆறு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. யல்லா, கழற்று.”

பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். எடுத்துக்கொண்டு எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். பொருந்தாது என்று எழுதலாம், ஆனால் அதை இந்தியில் இவரிடம் எப்படிச் சொல்வது. படியருகே வந்ததும் கருப்பையா என் கையைப் பிடித்தார்.

“இருங்க சார்.”

அவர் படியிறங்கிப் பாய் வரை போனார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். “பாபா, அனா மாஃபி. இது மாஃபி. ரெண்டு வருசம். கலாஸ்.” எனக்கு இது இல்லை என்று சொல்ல, தமிழும் அரபியும் கலந்து, அவ்வளவுதான் அவருக்கு வந்தது. போதுமானதாக இருந்தது.

அபு ராஷித் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது கேரவனின் பின்பக்கத்திலிருந்து உம் ராஷித், கையில் மப்கராவோடு வந்தார். மப்கரா என்பது அவர்களின் தூபக்கால். அதிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

“மாலூம்,” என்றார். தெரியும் என்றார்.

அவருக்கு இந்தி நன்றாக வந்தது. நின்றபடியே சொன்னார். ஒரு வருடத்துக்கு மேலாகத் தெரியும். ஒரு நாள் மீன் கெட்டுப்போய்க் கேரவன் முழுக்க நாறியது. கருப்பையா அதன் நடுவில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சந்தேகம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மப்கராவில் பக்கூர் போடாமல் வெறும் கரியை மட்டும் வைத்துக்கொண்டு போய் இவர் முகத்துக்கு நேரே காட்டினார். “‘நல்ல வாசனை மாமா’ என்றான்,” என்று சொல்லிச் சிரித்தார்.

வெறுங்குப்பி. எங்கள் மேலாளர் கண்டுபிடித்தது என்று நான் பெருமைப்பட்ட முறையை இந்த அம்மா சமையலறையில் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

“அதற்குப் பிறகுதான் கேரவனுக்குள் அதிகமாகப் புகை போட ஆரம்பித்தேன்,” என்றார். “மீன் வாடை நின்றால் இவனுக்குத் தெரியாது. வருகிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். இவன் முகம் சுருங்கும். எதற்கு?”

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. உத்தியோகத்தில் நான் சொன்னவற்றிலேயே கடினமானது அதுதான். “அம்மா, அந்தப் புகைக்கு அடியில்தான் கேஸ் இருந்தது. மற்றவர்கள் மூக்குக்கும் அது எட்டாமல் போனது அதனால்தான். நான் வந்த அன்று இவர் கையில் லைட்டர் இருந்தது.”

அவர் சிரிப்பு நின்றது. கருப்பையாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மப்கராவைப் பார்த்தார், அது என்ன என்று புதிதாகக் கேட்பவர் போல. கேரவனிலிருந்து பின்னால் நகர்ந்தார், ஏழெட்டு அடி. குனிந்து மணலில் அதை வைத்தார்.

“இங்கே,” என்றார். “இனிமேல் இங்கேதான்.”

அபு ராஷித் நீண்ட நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “என் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர,” என்றார். பிறகு என்னிடம், “இவனுக்கு முன்னால் இருந்தவனுக்கு மூக்கு நன்றாக இருந்தது. அவன் சோற்றை நீ சாப்பிட்டதில்லை. ஆண்டவன் உன்னைக் காப்பாற்றினான்,” என்றார். பெட்டியைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. கருப்பையாவை விரலால் அழைத்து, சோறு என்னவாயிற்று என்று கேட்டார்.

நான் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டேன். அன்று என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை.

ஷார்ஜா திரும்பி நடந்ததைக் குணரத்தினத்திடம் சொன்னேன். அடுத்த மாதம் அச்சுக்குப் போன படிவத்தில் பதின்மூன்று வரிகள்தான் இருந்தன. ஒவ்வொரு வண்டியையும் யாருக்குமே மணக்காது என்று எண்ணிக்கொண்டு செய்யச் சொன்னார். செலவு கூடும் என்று முதலாளி முணுமுணுத்தார். வலப்பக்கமாக நின்று முணுமுணுத்ததால் மேலாளர் காதில் விழவில்லை. அந்தக் குப்பிகள் இரண்டையும் நான் வைத்துக்கொண்டேன். இப்போது அவற்றில் ஊசியும் பொத்தானும் இருக்கின்றன.

டிடெக்டருக்கு ஆயுள் ஐந்து வருடம். முதுகில் தேதி பொறித்திருக்கும். ஐந்து வருடம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, அதை மாற்றுவதற்காகப் புஜைரா போனேன். அன்றும் வெள்ளிக்கிழமை. வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததுதான். குணரத்தினம் அதற்கு முந்தைய வருடமே கனடாவுக்கு மகளிடம் போயிருந்தார்.

கேரவன் அதே இடத்தில் இருந்தது. படியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி மணலில் ஒரு கல், அதன் மேல் மப்கரா. கல்லைச் சுற்றி ஐந்து குளிர்காலத்துச் சாம்பல். கருப்பையாவுக்குத் தலை நரைத்திருந்தது. பழைய பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். இந்த முறை அதைச் செய்தித்தாளில் சுற்றி அவரே வைத்துக்கொண்டார். புதியதை மாட்டிச் சோதித்தேன். மூன்று நிமிடம் பேசாமல் நின்றோம்.

பிறகு அந்த டீ வந்தது, முதல் நாள் குடிக்காமல் விட்டது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. கல்லிலிருந்து புகை வந்து எங்களைத் தாண்டிப் போனது.

“சார்,” என்றார். “அது எப்படி சார் இருக்கும்? இந்த வீட்டுக்கு வந்து நாலு வருசம் மோந்தேன். இப்ப நெனச்சுப் பாத்தா ஞாபகம் வர மாட்டேங்குது.”

ஆயிரம் படிவங்களாவது நிரப்பியிருப்பேன். அழுத்தம், அளவு, நிறம், தேதி, எல்லாவற்றையும் எழுதத் தெரியும். ஊத் எப்படி மணக்கும் என்று எழுத எந்தக் கட்டமும் இருந்ததில்லை. இனிப்பு என்றால் பொய். கட்டை என்றால் பாதி.

“ரசத்துக்குத் தாளிச்சுக் கொட்டுவீங்க இல்ல,” என்றேன். “சொய்ங்னு ஒரு சத்தம் வரும்.”

“ஆமா.”

“அந்தச் சத்தம் அடங்கினதும் ஒரு நிமிசம் எல்லாம் அமைதியா இருக்கும் பாருங்க. மூடியைப் போடறதுக்கு முன்னாடி.”

“ஆமா சார்.”

“அது மாதிரி.”

அவர் தம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டு, புகை போகிற திசையையே பார்த்தார். காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

“அப்ப நல்ல வாசனதான் சார்,” என்றார்.